பிட்சர் தயங்காமல் எறிய கேட்சர் செய்ய வேண்டியவை

ஒரு பேஸ்பால் ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை, ஓடி வந்தால் ரன் ஆகிவிடுகிற மூன்றாவது பேஸில் ரன்னர், பேட்டருக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, மூன்றானால் அவுட். இந்த இடத்தில் என்ன எறியலாம் என்று பேஸ்பால் தெரிந்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கிற பிளேட்டுக்கு முன்னால் மண்ணில் போய் விழுகிற, வளைந்து இறங்கும் கர்வ்பால். பாதி தூரம் வரை ஸ்ட்ரைக் மாதிரியே வரும், பேட்டர் மட்டையை வீசுவார், பந்து கீழே இறங்கிப் போய்விடும். ஆனால் அதே பந்து, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கிற கேட்சரிடம் அடங்காமல் பின்னால் ஓடினால் ரன்னர் வந்துவிடுவார், ஸ்கோர் சமமாகிவிடும். அந்தப் பயம் மனதில் ஓர் ஓரமாக இருந்தாலே போதும், எறிகிற பிட்சர் கையிலிருந்து பந்து ஒரு அடி மேலே கிளம்பும். பெல்ட் உயரத்தில் மிதந்து வருகிற கர்வ்பாலை எந்த பேட்டரும் விட மாட்டார். பிட்சர் சொதப்பிவிட்டார் என்று மறுநாள் எழுதுவார்கள். பல நேரம் அந்த அடி இரண்டாவது இன்னிங்ஸிலேயே தீர்மானமாகியிருக்கும். பேஸில்தான் யாருமில்லையே என்று, மண்ணில் விழுந்த ஒரு பந்தைக் கேட்சர் உடம்பைக் கொடுத்து நிறுத்தாமல் கையை மட்டும் நீட்டி விட்டாரே, அங்கே.

பிட்சரை ஊக்கப்படுத்துவது என்றால் அவர் நின்று எறிகிற மண்மேடான மவுண்டுக்கு ஓடிப்போய் முதுகில் தட்டி இரண்டு நல்ல வார்த்தை சொல்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கும் இடம் உண்டு. ஆனால் கேட்சரிடம் இருக்கிற கருவிகளில் பேச்சுதான் கடைசி. உடம்பு, கையுறை, சிக்னல், திருப்பி எறிகிற விதம் எல்லாம் அதற்கு முன்னால் வருகின்றன. 'நீ எதை வேண்டுமானாலும் எறி, பின்னால் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதை வாயால் சொன்னால் எந்த பிட்சரும் நம்ப மாட்டார். செய்து காட்டினால் நம்புவார்.

கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும். விக்கெட் கீப்பர் பின்னாலிருந்து யோசனை சொல்லலாம், குரல் கொடுக்கலாம். என்ன பந்து போடுவது என்பது பவுலரும் கேப்டனும் பார்த்துக்கொள்கிற விஷயம். பேஸ்பாலில் ஒவ்வொரு பந்துக்கும் கேட்சர்தான் முதலில் கேட்கிறார்: எந்த வகை, எந்த இடம். ஒரு ஆட்டத்தில் ஒரு அணி 140, 150 பந்து எறியும். அத்தனைக்கும் இந்தக் கேள்வி பதில் நடக்கிறது. 60 அடி 6 அங்குலத் தூரம், 17 அங்குல அகலமுள்ள பிளேட். மணிக்கு 95 மைல் வேகப் பந்து இந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 0.4 வினாடி. இதற்குள் பிட்சருக்கு ஒரு துளி தயக்கம் இருந்தாலும் கை பின்தங்கிவிடும், பந்து இடம் மாறும். சரியான பந்தை அரைமனதோடு எறிவதைவிட, இரண்டாவது நல்ல பந்தை முழு மனதோடு எறிவது மேல். கேட்சராக உட்காருகிறவருக்கு இது தலைக்குள் ஏற வேண்டும்.

பந்தை மண்ணில் நிறுத்துவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. இளம் கேட்சர்கள் செய்கிற முதல் தவறு, மண்ணில் விழுகிற பந்தைப் பிடிக்கப் பார்ப்பது. பிடிக்கக் கூடாது, சாகடிக்க வேண்டும். கையுறை முதலில் இறங்கி இரண்டு கால்களுக்கும் நடுவிலிருக்கிற இடைவெளியை அடைக்க வேண்டும். முழங்கால்கள் கூடவே இறங்க வேண்டும். வெறுங்கை கையுறைக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும், வெளியே நீட்டினால் விரல் உடையும். தோள்கள் முன்னால் வளைந்து, தாடை நெஞ்சில் ஒட்டி, நெஞ்சு பிளேட்டை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் பந்து மார்புக்கவசத்தில் பட்டு இரண்டு மூன்று அடிக்குள் விழும். நெஞ்சை நிமிர்த்தி வைத்தால் பத்து அடி தெறித்து ஓடும், ரன்னரும் ஓடுவார். பந்து பக்கவாட்டில் வந்தால் உடம்பு முழுவதையும் அந்தப் பக்கம் நகர்த்தி, வெளித் தோளைப் பிளேட்டை நோக்கித் திருப்ப வேண்டும். கண்ணை மூடுவதும் முகத்தைத் திருப்புவதும் இயல்பாக வருகிற தவறுகள். முகத்தைத் திருப்பினால் மாஸ்க் பாதுகாக்காத கழுத்தும் காதும் பந்துக்கு நேராக வந்துவிடும். முதலில் டென்னிஸ் பந்தில் ஆரம்பித்து, பயம் போன பிறகு உண்மையான பந்துக்கு மாறலாம். ஒரு தடவைக்கு இருபது பந்து, வாரத்தில் மூன்று நாள். அதற்கு மேல் போனால் களைப்பில் தவறான அசைவுதான் பழகும்.

பேஸில் ஆளில்லாதபோதும் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் ஸ்கோருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் பிட்சர் பார்க்கிறார். முதல் மூன்று இன்னிங்ஸில் நான்கு பந்தை நெஞ்சில் வாங்கி நிறுத்திய கேட்சருக்கு ஏழாவது இன்னிங்ஸில் கர்வ்பால் கேட்கிற உரிமை இருக்கிறது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டிம் வேக்ஃபீல்டு கதை நல்ல உதாரணம். அவர் எறிந்தது நக்கிள்பால். சுழலாமல் காற்றில் தள்ளாடி வருகிற அந்தப் பந்து எங்கே போகும் என்று எறிகிறவருக்கே தெரியாது. பல ஆண்டுகள் அவருக்குக் கேட்சராக இருந்த டக் மிராபெல்லியை 2005 முடிவில் சான் டியேகோவுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இடத்தில் உட்கார்ந்த ஜாஷ் பார்ட், வேக்ஃபீல்டுக்குப் பிடித்த ஐந்து ஆட்டங்களில் பத்து பந்துகளைத் தவறவிட்டார். 2006 மே 1 அன்று, யாங்கீஸுக்கு எதிரான ஆட்டத்துக்குச் சற்று முன்பு, மிராபெல்லியை மறுபடியும் வாங்கி, விமான நிலையத்திலிருந்து போலீஸ் பாதுகாப்போடு மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். காரிலேயே சீருடை மாற்றிக்கொண்டு வந்து அன்று இரவு ஆடினார். மட்டையடியில் மிராபெல்லி பெரிய ஆளில்லை. ஒரு பிட்சர் தன் பந்தைத் தயங்காமல் எறிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

ஆட்டத்துக்கு முந்தைய வேலைக்கு வருவோம். கேட்சர், பிட்சர், பிட்சிங் கோச் மூவரும் உட்கார்ந்து எதிரணி பேட்டர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார்கள். இதில் அடிக்கடி நடக்கிற கோளாறு, பேட்டரின் பலவீனத்தை மட்டும் வைத்துத் திட்டம் போடுவது. 'இவருக்கு உள்பக்கம் வருகிற ஃபாஸ்ட்பால் ஆகாது' என்று தாளில் இருக்கும். அன்றைய பிட்சருக்கு உள்பக்கம் எறிவது வராது என்றால் அந்தத் தகவலால் என்ன பயன்? பிட்சரின் பலம் முதலில், பேட்டரின் பலவீனம் இரண்டாவது, ஆட்டத்தின் நிலைமை மூன்றாவது. முதல் இரண்டும் மோதினால் பிட்சரின் பலத்தோடு போங்கள். தன்னுடைய சிறந்த பந்தால் அடி வாங்கிய பிட்சர் அடுத்த பேட்டருக்குத் தயாராகிவிடுவார். கைக்கு வராத பந்தை எறிந்து அடி வாங்கியவர் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்.

பிறகு, பிட்சர்கள் எறிந்து தயாராகிற புல்பென்னில் 25 முதல் 40 பந்து வரை வார்ம்-அப். இங்கே கேட்சர் கவனிக்க வேண்டியது: எந்தப் பந்து இன்று கூர்மையாக இருக்கிறது, எந்தப் பக்கத்துக்கு நினைத்தபடி போகிறது, பிட்சர் எதை எறிந்துவிட்டு முகம் சுளிக்கிறார். ஆனால் புல்பென்னை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அங்கே ஒரு ஸ்ட்ரைக் கூட எறிய முடியாதவர் மவுண்டில் ஏறி எட்டு இன்னிங்ஸ் பிரமாதமாக எறிவது உண்டு. அதனால், வேகமாக வந்து பக்கவாட்டில் விலகுகிற பந்தைப் பற்றி 'ஸ்லைடர் இன்னைக்கு வேலை செய்யலை' என்று வார்ம்-அப்பிலேயே முடிவு கட்டாமல், முதல் இரண்டு இன்னிங்ஸில் ஸ்ட்ரைக், 'பால்' (ஸ்ட்ரைக் ஆகாத பந்து) எண்ணிக்கை ஆபத்தில்லாத கணக்கில் இருக்கும்போது, ஆளில்லாத பேஸில், இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்க்க வேண்டும். அப்படிக் கேட்காமலே விட்ட பந்து ஆறாவது இன்னிங்ஸில் தேவைப்படும்போது பிட்சருக்கும் அதன் மேல் நம்பிக்கை இருக்காது. கேட்சர் கேட்கவில்லை என்பதே அவருக்கு ஒரு செய்தி.

சிக்னல் கொடுப்பது இப்போது நிறைய மாறிவிட்டது. முன்பு கால்களுக்கு நடுவே விரல்கள்: ஒன்று ஃபாஸ்ட்பால், இரண்டு கர்வ், மூன்று ஸ்லைடர், நான்கு சேஞ்ச்அப் (ஃபாஸ்ட்பால் போலக் கிளம்பி மெதுவாக வருவது) என்பது பொதுவான வழக்கம். இரண்டாவது பேஸில் ரன்னர் இருந்தால் அவர் அதைப் பார்த்து பேட்டருக்குச் சொல்லிவிடுவார் என்பதால் ஐந்தாறு விரல் வரிசை காட்டி, அதில் எது உண்மை என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2017-இல் எதிரணியின் சிக்னலைக் கேமரா வைத்துத் திருடி, குப்பைத்தொட்டியைத் தட்டி பேட்டருக்குச் சொன்ன விவகாரத்துக்கு 2020 ஜனவரியில் தண்டனை வந்தது. 2022-இல் பிட்ச்காம் என்ற கருவியை, அமெரிக்காவின் உச்ச தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் அனுமதித்தது. கேட்சர் மணிக்கட்டிலோ முழங்கால் பக்கத்திலோ கட்டியிருக்கும் பட்டன்களை அழுத்தினால், பிட்சரின் தொப்பிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் பந்து வகையையும் இடத்தையும் சொல்லும். கூட்டத்தின் இரைச்சலில் கேட்காமல் போவதும், கருவி படுத்துவிடுவதும் நடக்கிறது. அதனால் விரல் வரிசையை மறந்துவிட்ட கேட்சர் ஒருநாள் மாட்டிக்கொள்வார். கேட்சர் கர்வ் எதிர்பார்க்க, ஃபாஸ்ட்பால் வந்து கட்டைவிரலில் அடித்தால் அடுத்த ஆறு வாரம் வெளியே உட்கார வேண்டியதுதான். பின்னால் நிற்கிற அம்பயருக்கும் ஆபத்து.

பந்தை எறிய நேரம் வைக்கிற பிட்ச் கிளாக்கும் 2023-இல் வந்து இதோடு சேர்ந்துகொண்டது. பேஸில் ஆளில்லை என்றால் 15 வினாடி. ஆளிருந்தால் முதலில் 20 வினாடி, 2024 முதல் 18. கடிகாரத்தில் 9 வினாடி இருக்கும்போது கேட்சர் தன் பெட்டிக்குள் இருக்க வேண்டும். நேரம் தாண்டினால் எறியாமலே ஒரு 'பால்' கணக்கில் ஏறும். ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் மவுண்டிலிருந்து விலகவோ பேஸுக்கு எறியவோ இரண்டு முறைதான் இலவசம். மூன்றாவது முறை எறிந்து ரன்னரை அவுட் ஆக்காவிட்டால் ரன்னருக்கு அடுத்த பேஸ் கிடைத்துவிடும். இந்த எண்ணிக்கையை பிட்சர் மறந்துவிடலாம், கேட்சர் மறக்கக் கூடாது. இரண்டு முடிந்துவிட்டால் விரலைக் காட்டி நினைவூட்ட வேண்டும். அடுத்து என்ன கேட்பது என்று யோசிக்க இப்போது நேரமில்லை. முந்தைய பந்து கையுறையில் விழுகிறபோதே அடுத்த பந்து மனதில் இருக்க வேண்டும். பட்டனை அழுத்தத் தாமதித்தால் பிட்சர் அவசரப்படுவார், அவசரத்தில் அவருடைய உடம்பு கையை முந்திக்கொண்டு ஓடும்.

அந்த அடுத்த பந்தைத் தீர்மானிக்க பேட்டரே நிறைய சொல்கிறார். வலக்கை பேட்டர் ஃபாஸ்ட்பாலை முதல் பேஸ் பக்கம் கோட்டுக்கு வெளியே ஃபவுல் அடித்தால் அவர் தாமதமாக இருக்கிறார். அங்கே சேஞ்ச்அப் கேட்பது அவருக்கு உதவி செய்வது போலாகும், மட்டையின் வேகத்துக்குப் பந்து தானாகவே வந்து பொருந்திவிடும். மறுபடி ஃபாஸ்ட்பால்தான், கொஞ்சம் மேலே. மூன்றாவது பேஸ் பக்கம் பலமாக ஃபவுல் போனால் அவர் முந்துகிறார், இப்போது மெதுவான பந்து கேட்கலாம், அல்லது வெளிப்பக்கம் போகலாம். நேராகப் பின்னால் போகிற ஃபவுல்தான் ஆபத்து. நேரம் சரியாகப் பிடித்துவிட்டார், மட்டை நூலிழை கீழே போய்விட்டது, அவ்வளவுதான். அதே பந்தை அதே இடத்தில் கேட்காதீர்கள். பேட்டரின் கால்களையும் பாருங்கள். பிளேட்டுக்கு நெருங்கி வந்திருக்கிறாரா, பெட்டியில் முன்னால் நகர்ந்திருக்கிறாரா? முன்னால் நகர்ந்தவர் கர்வ்பால் உடைவதற்கு முன்பே அடிக்கப் பார்க்கிறார். இவை எல்லாம் கேட்சருக்கு மட்டுமே மூன்றடி தூரத்தில் தெரிகிற விஷயங்கள்.

பிட்சர் தலையாட்டி மறுக்கும்போது கேட்சருக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். அதை முதலில் தள்ளி வைக்க வேண்டும். சட்டென்று மறுத்தால் அவருக்கு வேறொரு பந்து மனதில் தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். கொடுத்துவிடுங்கள். எனக்குக் கவலை தருவது மறுப்பைவிட, தாமதமாக வருகிற சம்மதம். இரண்டு வினாடி யோசித்துவிட்டு மெல்லத் தலையசைக்கிற பிட்சருக்கு அந்தப் பந்தில் மனமில்லை. அங்கே கேட்சரே வேறு பந்துக்கு மாற்றிக் கேட்க வேண்டும். அவர் விரும்பிக் கேட்ட பந்து அடி வாங்கினால் 'நான்தான் சொன்னேனே' என்பது வாயிலும் வரக் கூடாது, தோளிலும் தெரியக் கூடாது. கேட்சர் கேட்ட பந்து அடி வாங்கினால் இன்னிங்ஸ் முடிந்ததும் 'அது என் தப்பு, வேற கேட்டிருக்கணும்' என்று சொல்லிவிட வேண்டும். பிட்சர் தன் கையைச் சந்தேகப்படாமல் அடுத்த இன்னிங்ஸுக்குப் போக இந்த ஒரு வரி போதும்.

மறுப்பே இல்லாத நாட்களும் உண்டு. 1956 அக்டோபர் 8 அன்று, மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் யாங்கீஸ் அணியின் டான் லார்சன் 27 பேட்டர்களையும் வரிசையாக அவுட் ஆக்கினார். 97 பந்துகள். கேட்சர் யோகி பெர்ரா கேட்ட எதையும் தான் மறுக்கவில்லை என்று லார்சன் பிறகு சொல்லியிருக்கிறார்.

கையுறைக்கு வருவோம். பந்தைப் பிடிக்கிற விதம் அம்பயருக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். முழங்கால் உயரத்தில் வருகிற ஸ்ட்ரைக்கை மேலிருந்து பிடித்தால் கையுறை கீழே இழுபடும், அம்பயர் 'பால்' என்பார், பிட்சர் நல்ல பந்தை இழப்பார். கீழிருந்து மேலாக வந்து, பந்து வரும் இடத்துக்குக் கை முன்பே போய், பிடித்த பிறகு அசையாமல் இருக்க வேண்டும். இப்போது மேஜர் லீகில் பெரும்பாலோர் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி உட்காருவது இந்தத் தாழ்ந்த ஸ்ட்ரைக்குக்காகத்தான். ஒரு அடி வெளியே போன பந்தை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அம்பயரை எரிச்சலாக்கும், அடுத்த நெருக்கமான பந்தில் அதற்கு விலை கொடுக்க நேரும்.

2026 சீசனிலிருந்து பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்று இயந்திரத்திடம் மேல்முறையீடு செய்கிற முறையும் வந்திருக்கிறது. ஒரு அணிக்கு இரண்டு வாய்ப்பு, ஜெயித்தால் வாய்ப்பு அப்படியே இருக்கும். பேட்டர், பிட்சர், கேட்சர் மூவர் மட்டுமே கேட்கலாம், உடனே தலையைத் தட்டிக் காட்ட வேண்டும், அணி உட்காருகிற டக்அவுட்டிலிருந்து யாரும் உதவக் கூடாது. பிட்சர் கையில் இதை விடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. எறிந்து முடித்து ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறவருக்குத் தன் பந்து எல்லாமே ஸ்ட்ரைக்காகத்தான் தெரியும். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களான 2025 ஸ்பிரிங் ட்ரெய்னிங்கில் நடந்த சோதனையிலும் கேட்சர்களின் கணிப்பு பிட்சர்களுடையதைவிடச் சரியாகவே இருந்தது. ஆட்டத்துக்கு முன்பே பிட்சரிடம் பேசி ஒப்புக்கொண்டால் நடுவில் மனக்கசப்பு வராது.

பந்தைத் திருப்பி எறிவதை யாரும் சொல்லித் தருவதில்லை. நெஞ்சு உயரத்தில், கையுறைப் பக்கம், ஒரே வேகத்தில். பிட்சர் எட்டிப் பிடிக்கவோ குனியவோ வேண்டி வந்தால் அது நூறு தடவை நடக்கும்போது எரிச்சலாகிவிடும். பிட்சர் படபடப்பில் இருக்கிறார் என்றால் எழுந்து நின்று, இரண்டடி முன்னால் நடந்து, பந்தைக் கையால் ஒருமுறை தேய்த்துவிட்டு எறியலாம். இரண்டு வினாடி கிடைக்கும். அதற்கு மேல் இழுத்தால் அம்பயர் விட மாட்டார். நான்கு 'பால்' எறிந்து பேட்டரை முதல் பேஸுக்குச் சும்மா நடக்கவிட்ட பிட்சருக்குப் பந்தைக் கோபமாக வேகத்தில் திருப்பி எறிகிற கேட்சர்கள் இருக்கிறார்கள். சில முரட்டு வீரர்களிடம் அது வேலை செய்யும். பெரும்பாலோரிடம் செய்யாது.

அதே மாதிரி, இரண்டு உள்ளங்கையையும் கீழே காட்டி 'பொறு, பொறு' என்று சைகை செய்வதையும் தவிர்க்கலாம். மைதானம் முழுக்கப் பார்க்கும்போது அது திட்டுவது போலத்தான் இருக்கும். மாஸ்க் முகத்தை மறைக்கும், தோள் தொங்குவதை மறைக்காது.

பிட்சரின் உடல் அசைவில் என்ன தவறுகிறது என்பதைப் பந்தே சொல்லிவிடும். வலக்கை பிட்சரின் பந்து வலக்கை பேட்டர் பக்கமாக மேலே மேலே போகிறது என்றால் முன்தோள் சீக்கிரமே திறந்துகொள்கிறது, கை பின்னால் தங்கிவிடுகிறது. எதிர்ப்பக்கம் தாழ்வாக இழுபட்டுப் போனால் தலையையும் தோளையும் அந்தப் பக்கம் வெட்டி இழுக்கிறார், பலத்தைக் கூட்டி எறியப் பார்க்கிறார். ஃபாஸ்ட்பால் மண்ணில் விழுந்தால் பந்தை விடத் தாமதிக்கிறார். ஸ்லைடர் திரும்பாமல் சும்மா சுழன்றுகொண்டு வந்தால் விரல் பந்துக்கு மேலே இல்லாமல் பக்கவாட்டில் நழுவுகிறது. சேஞ்ச்அப்பின்போது கையின் வேகம் குறைந்தால் பேட்டருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். களைப்பு வேறு மாதிரி வரும்: முழங்கை இறங்கும், வேகம் இரண்டு மூன்று மைல் குறையும், பந்துகள் எல்லாம் மேலே தவறும், பந்துக்கும் பந்துக்கும் நடுவே எடுக்கிற நேரம் கூடும். இதைப் பார்த்தால் டக்அவுட்டுக்கு ஒரு பார்வை கொடுப்பது கேட்சரின் கடமை. பிட்சர் 'நல்லாத்தான் இருக்கேன்' என்றுதான் சொல்வார்.

தவறு தெரிந்துவிட்டது என்பதற்காக அத்தனையையும் மவுண்டில் போய் விளக்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவே தோள், முழங்கை, இடுப்பு என்று உடம்பைப் பற்றிப் பேசினால் பிட்சர் தன் உடம்பையே கவனிக்க ஆரம்பிப்பார், கை இறுகிவிடும். ஒரே ஒரு விஷயம், அதுவும் வெளியே இருக்கிற இலக்காக: 'என் இடது முழங்காலைப் பார்த்து எறி', 'என் மாஸ்க்கைத் தாண்டி அம்பயர் வரைக்கும் எறி'. தோள் தானாகவே சரியாகும். கட்டுப்பாடு இல்லாமல் தவிக்கிறவருக்கு பிளேட்டின் ஓரத்தில் போய் உட்காராதீர்கள். நடுவில் உட்கார்ந்து கையுறையைப் பெரிதாக விரித்துக் காட்டுங்கள். பந்து தானாக ஒரு ஓரத்துக்குப் போகும்.

மவுண்டுக்குப் போவது அரிய வளம். 2018-இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஆறு முறை என்று வரம்பு வைத்தார்கள், அடுத்த ஆண்டு ஐந்து, 2024 முதல் நான்கு. ஒவ்வொன்றுக்கும் 30 வினாடி. கோச் ஒரே இன்னிங்ஸில் இரண்டாவது முறை வந்தால் பிட்சரை மாற்றியே ஆக வேண்டும், கேட்சருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் கோச் ஒருமுறை வந்துபோன இன்னிங்ஸில் கேட்சரின் நடை இன்னும் மதிப்பு கூடியது. ஹோம் ரன் அடி வாங்கிய உடனே போகாமல், அதற்கு அடுத்த பேட்டருக்கு முதல் இரண்டு பந்தும் தவறினால் போகலாம். மெதுவாக நடந்து போங்கள், மூச்சு இறங்க நேரம் கிடைக்கும். என்ன நடந்தது என்று பேச வேண்டாம், அது அவருக்கே தெரியும். அடுத்த பந்து என்ன என்று சொல்லுங்கள்: 'இவருக்கு முதல் பந்து வெளியே, தாழ்வா, கீழே இறங்குற சிங்கர். தரையில அடிக்கட்டும், ரெண்டு பேரை எடுத்துடலாம்.' குறிப்பான ஒரு வேலை கையில் கிடைத்ததும் பயத்துக்கு இடம் குறையும். 'ஸ்ட்ரைக் எறி' என்பது மட்டும் வேண்டாம், அவர் வேறெதற்கு முயல்கிறார்?

ஆள் பார்த்துப் பேச வேண்டும். செயின்ட் லூயிஸ் அணியின் பாப் கிப்சனுக்கு யாரும் மவுண்டுக்கு வருவதே பிடிக்காது. பிட்சிங்கைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் அதை அடிப்பது கஷ்டம் என்பது மட்டும்தான் என்று தன் கேட்சர் டிம் மெக்கார்வரை விரட்டியிருக்கிறார். மெக்கார்வர் புரிந்துகொண்டு தள்ளியே நின்றார். 1968-இல் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி வெறும் 1.12. அதே மெக்கார்வரைப் பின்னாளில் பிலடெல்பியாவில் பிட்சர் ஸ்டீவ் கார்ல்டன் தனக்கு வேண்டுமென்று வைத்துக்கொண்டார், அணியின் வழக்கமான கேட்சர் பாப் பூன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தும். அட்லாண்டாவில் கிரெக் மேடக்ஸ் எறிகிற நாட்களில் நன்றாக அடிக்கிற ஹாவி லோபஸ் உட்கார, எடி பெரெஸ் வருவார். பிட்சருக்கு வசதியான கேட்சர் என்பதை அணிகள் ரன் கணக்கை விட்டுக்கொடுத்தே வாங்கியிருக்கின்றன.

பேச்சும் யோசனையும் ஒன்றாகச் சேர்ந்த இடம் என்றால் எனக்கு 2006 அக்டோபர் 19 நினைவுக்கு வரும். நியூயார்க் ஷே ஸ்டேடியம், மேஜர் லீகின் ஒரு பிரிவான நேஷனல் லீக் இறுதியின் ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். செயின்ட் லூயிஸ் 3-1 முன்னிலை, பேஸ் மூன்றும் நிரம்பியிருக்கிறது, இரண்டு அவுட். மட்டையோடு கார்லோஸ் பெல்ட்ரான். மவுண்டில் புதியவர் ஆடம் வெயின்ரைட், கேட்சர் யாடியர் மோலினா. முதல் பந்து சேஞ்ச்அப், ஸ்ட்ரைக். இரண்டாவது கர்வ், ஃபவுல். மூன்றாவதும் கர்வ், பெல்ட்ரான் மட்டையை அசைக்காமலே அவுட். அந்த நிலைமையில் ஒரு இளம் பிட்சர் ஃபாஸ்ட்பாலை நம்புவார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். மூன்று பந்திலும் ஒரு ஃபாஸ்ட்பால்கூட இல்லை. மண்ணில் விழுந்தாலும் மோலினா நிறுத்துவார் என்பது தெரிந்திருந்தால்தான் அந்த கர்வ் கையை விட்டுப் புறப்படும். இந்த இருவரும் 2022-இல் மோலினா ஓய்வு பெறும்வரை 328 ஆட்டங்களைச் சேர்ந்து தொடங்கினார்கள். மேஜர் லீக் வரலாற்றில் அதுதான் சாதனை. அதற்கு முன்பு டெட்ராய்டின் மிக்கி லோலிச், பில் ஃப்ரீஹன் ஜோடியின் 324.

நடுவில் மாற்று பிட்சராக வருகிற ரிலீவரின் கதை வேறு. அவரோடு கேட்சர் அன்று வார்ம்-அப் செய்திருக்க மாட்டார். அதனால் புல்பென் கேட்சரிடமிருந்து ஒரு வரி தெரிந்துகொள்ள வேண்டும்: இன்று எது நன்றாக இருக்கிறது. 2020 முதல் ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டர்களையாவது சந்திக்க வேண்டும், அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும். முதல் பேட்டரிடம் தடுமாறினாலும் மேனேஜர் வந்து காப்பாற்ற முடியாது. அவருடைய சிறந்த பந்தை முதல் பந்தாகவே கேளுங்கள், முதல் ஸ்ட்ரைக் விழுந்ததும் மூச்சு சீராகும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் பின்பற்றப்படும் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலில் 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்து, 13, 14 வயதுக்கு 95 என்பது உச்சவரம்பு. கேட்சரின் கையும் இதில் சேர்த்தி. ஒவ்வொரு பந்தையும் அவரும் திருப்பி எறிகிறாரே. அதனால்தான் சிறுவர்களுக்கான லிட்டில் லீகில் 41 பந்தோ அதற்கு மேலோ எறிந்த சிறுவன் அன்று கேட்சராக உட்கார முடியாது, நான்கு இன்னிங்ஸ் கேட்சராக இருந்தவன் அன்று எறிய முடியாது. இந்த வயதில் கேட்சரிடம் எதிர்பார்க்க வேண்டியது மூன்றுதான்: பந்தை முன்னால் நிறுத்துவது, தவறினாலும் முகத்தில் எரிச்சலைக் காட்டாமல் இருப்பது, திருப்பி ஒழுங்காக எறிவது. பந்துவகை கேட்பதை கோச் டக்அவுட்டிலிருந்தே சொல்லிவிடுகிற பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. இரண்டு இன்னிங்ஸாவது சிறுவனிடமே விட்டுவிடுங்கள், ஏன் அதைக் கேட்டாய் என்று பிறகு கேளுங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு பிட்சர் இரண்டு மூன்று நாள் கழித்து புல்பென்னில் முப்பது பந்து அளவில் மெல்ல எறிவார். ஆட்டத்தன்று பிடித்த கேட்சரே அதற்கும் போய் உட்கார்ந்தால் நல்லது. அன்று கைக்கு வராமல் போன ஒரே ஒரு பந்தை எடுத்துக்கொண்டு, அது எப்போது நழுவ ஆரம்பித்தது, எந்த பேட்டரிடம், எந்தக் கணக்கில் என்று இருவரும் பேசியபடி அதை மட்டும் பத்து பதினைந்து தடவை எறிய வேண்டும். மீதியை அவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். அடுத்த ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் அந்தப் பந்தைக் கேட்சர் கேட்க வேண்டும்.